உருவாக்கியவர் பெயர்

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலின் வயதைத் தெரிந்துகொள்ள ஒரு கூட்டல் கணக்கு போதும். மிஹ்ராபுக்கு மேலே கல்லில் மூன்று அரபிச் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறைவனை நினைப்பதே பெரிது என்பது அவற்றின் பொருள். அரபியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பு உண்டு. முதல் சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 920. இரண்டாவது சொல் அல்லாஹ் என்ற பெயர், அது 66. மூன்றாவது 223. மொத்தம் 1209. கட்டடம் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அதுதான்.

இந்தக் கணக்கைப் போட்டவர் ஒரு இந்து. ஆற்காட்டு நவாபின் முன்ஷியாக இருந்த ராஜா மக்கன் லால். பாரசீகம் தெரிந்தவர், கவிஞர். தொழுகிற அத்தனை பேரும் முகம் திருப்பி நிற்கிற சுவரில் அவர் தேர்ந்தெடுத்த சொற்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன.

நவாப் முகம்மது அலி வாலாஜாவின் நினைவாக அவர் குடும்பத்தார் கட்டியது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தேகம். ஹிஜ்ரி 1209 என்பது 1795 ஜூலை மாத நடுவிலேயே முடிந்துவிடுகிறது. நவாப் இறந்தது அதே வருஷம் அக்டோபரில். அப்படியானால் அந்தச் சொற்கள் குறிக்கும் ஆண்டில் மனிதர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். நினைவுச் சின்னம் என்ற கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். தேதியைப் பார்த்தால் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியாதது என் தொழில் தந்த வியாதி.

அதே பள்ளிவாசலுக்கு ரமலான் மாதத்தில் சாயங்காலம் போனால் இன்னொன்றைப் பார்க்கலாம். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிற சூஃபிதார் என்ற கோயிலில் இருந்து வண்டியில் சாப்பாடு வந்து இறங்கும். பிரிவினையின்போது சிந்துவில் இருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. ஏறத்தாழ நாற்பது வருஷமாக ஒவ்வொரு நோன்புக்கும் அங்கே நோன்பு திறப்பவர்களுக்குச் சைவ உணவு சமைத்துக் கொண்டுவந்து, தொண்டர்களே தலையில் குல்லா போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குப் பக்கமாகச் சாப்பிடுவார்கள். நவாபின் பெயர் தெரிகிறது, முன்ஷியின் பெயர் தெரிகிறது, ரத்தன்சந்தின் பெயரும் தெரிகிறது. தட்டை வைத்துவிட்டுப் போகிறவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களின் வரலாறு என்று எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கொடுத்தவர்களின் வரலாறாகவே இருக்கும். மதுரையில் பாண்டியன் கொடுத்த கிராமங்களை வீரப்ப நாயக்கர் உறுதி செய்ததைக் கோரிப்பாளையம் தர்காவின் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நாகூரின் 131 அடி உயர மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். காயல்பட்டினம், கீழக்கரையின் கல் பள்ளிகளை மெஹர்தாத் ஷோகூஹி 2003இல் வெளிவந்த தன் புத்தகத்தில் தூண் தூணாக அளந்து வைத்திருக்கிறார். எல்லாம் தேவையான வேலை. ஆனால் கட்டின பிறகு என்ன ஆச்சு? தினமும் ஐந்து வேளை ஆள் வருகிற கட்டடம் அது. தண்ணீர் வேண்டும், விளக்கு வேண்டும், பாய் வேண்டும், கூட்ட வேண்டும். மென்பொருளில் எழுதுவதற்கு ஆகிற செலவைவிடப் பராமரிக்க ஆகிற செலவு பல மடங்கு என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எழுதினவன் பெயர் மட்டும்தான் மேலே நிற்கும்.

இஸ்லாத்தின் ஆரம்பக் கதைகளில் இந்தப் பராமரிப்பு ஆட்களுக்கு நல்ல இடம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 622இல் மதீனாவில் கட்டப்பட்ட பள்ளி வெறும் பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை. மழை பெய்தால் ஒழுகும். நபியும் சேர்ந்து செங்கல் சுமந்தார். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகத் தூக்க, அம்மார் இப்னு யாசிர் இரண்டிரண்டாகத் தூக்கினார் என்று ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. முதலில் ஓலையைக் கொளுத்தித்தான் அங்கே வெளிச்சம். எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து தொங்கவிட்டவர் தமீமுத் தாரி என்பவர், சிரியாப் பக்கத்தில் இருந்து வந்தவர். அந்தப் பள்ளியைக் கூட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கதையும் உண்டு. ஒருநாள் ஆளைக் காணோமே என்று நபி விசாரிக்கிறார். ராத்திரி இறந்துபோனார், உங்களை எழுப்ப வேண்டாம் என்று நாங்களே அடக்கிவிட்டோம் என்கிறார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுகிறார். விளக்குக் கொண்டுவந்தவருக்குப் பெயர் இருக்கிறது, கூட்டின பெண்ணைப் பெரும்பாலான அறிவிப்புகள் 'ஒரு பெண்' என்று மட்டும் சொல்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

நான் மார்க்கையன்கோட்டைக்காரன். சின்னமனூரில் இருந்து குச்சனூர் போகிற ரோட்டில் இருக்கிறது ஊர். ஆடிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. 1895 அக்டோபரில் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இரு போகம் என்று அரசாங்கக் கணக்கு. ஜூன் மாதம் அணை திறக்கிற செய்தியில் ஒவ்வொரு வருஷமும் இந்த எண் வரும், எங்களுக்கு அது மனப்பாடம். நெல்லும் தென்னையும் கீழே, ஏலக்காய் மேலே. உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க ராவுத்தர்கள் இருக்கிறார்கள். பெயரே குதிரையோடு சம்பந்தப்பட்டது. குதிரை வணிகமும் குதிரைப்படையும் போய், வயலும் வியாபாரமும் மிஞ்சியது. உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரில் கல்லூரி வந்தது. பள்ளத்தாக்கில் பெரும்பணம் சேர்த்த ஒருவர் செய்த காரியம் அது, பெயரும் நிற்கிறது. சின்ன ஊர்ப் பள்ளிவாசல்கள் அப்படி ஒருவர் பெயரைச் சொல்லி எழுந்தவை அல்ல.

ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹப். கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி. தொழுகையில் கை கட்டுகிற இடம் மாதிரியான சின்ன வித்தியாசங்கள்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹவுள் விஷயத்தில் அது சின்ன வித்தியாசமே இல்லை.

ஹவுள் என்பது ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டி. தேங்கி நிற்கிற தண்ணீரில் பலர் கை வைத்தால் அது எப்போது அசுத்தமாகும் என்பது சட்ட வல்லுநர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மண்டையை உடைத்த கேள்வி. ஷாஃபி மத்ஹபில் 'இரண்டு குல்லா' அளவு இருந்தால் போதும், அதாவது சுமார் 200 லிட்டர். நிறமோ மணமோ சுவையோ மாறாத வரை அது சுத்தம். பின்னால் வந்த ஹனஃபி அறிஞர்கள் அதைப் பரப்பளவால் அளந்தார்கள். பத்து முழம் நீளம், பத்து முழம் அகலம். முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்தால் 15க்கு 15, அதாவது 225 சதுர அடி. மூன்றடி ஆழம் என்றால் கிட்டத்தட்ட 19,000 லிட்டர். ஒரு குக்கிராமத்துப் பள்ளிவாசலில்கூட உள்ளே நுழைந்ததும் வீட்டுக்கூடம் அளவுக்கு ஒரு தொட்டி ஏன் என்பதற்கு இதுதான் காரணம். மழை கொட்டுகிற ஊரோ இல்லையோ, ஆறு பக்கத்தில் ஓடுகிறதோ இல்லையோ, சட்டப் புத்தகம் கேட்ட அளவு அது.

இப்போது யோசித்துப் பாருங்கள். மின்சார மோட்டார் இல்லாத காலத்தில் 19,000 லிட்டரை யார் இறைத்து நிரப்பியது? கிணற்றில் இருந்து வாளி வாளியாக, இல்லையென்றால் மாட்டைக் கட்டிக் கவலையில் இறைத்து, வாய்க்கால் வெட்டி. நிரப்பினால் போதாது. பாசி பிடிக்கும். ஷஃபான் மாசம் வந்தால் தொட்டியை வடித்து, இறங்கித் தேங்காய் நாரால் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, ரமலான் பிறை தெரிவதற்குள் மறுபடி நிரப்பியாக வேண்டும். கொசுப் புழுவைத் தின்ன மீன் விடுவார்கள். வடிக்கிற அன்று அந்த மீன்களைப் பிடித்து அண்டாவில் வைக்கிற வேலை எப்போதும் சின்னப் பயல்களுக்கு. என் அத்தா தலைமுறைக்குப் பள்ளிவாசல் என்றதும் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தொட்டிக்குள் இறங்கியதுதான். "தொழுததைவிட தேய்ச்சதுதாம்ப்பா சாஸ்தி" என்பார்.

அப்புறம் குழாய் வந்தது. இதை முன்னேற்றம் என்றுதான் எல்லாரும் சொன்னோம், முன்னேற்றம்தான். வயசானவர்கள் குனிய வேண்டாம், சளி பிடித்தவன் கை வைத்த தண்ணீரில் அடுத்தவன் கை வைக்க வேண்டாம். ஆனால் நபி ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் இருக்கிறது, முக்கால் லிட்டருக்கும் குறைவு. குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்து ஆளோடு நெல் விலை பேசிக்கொண்டே கால் கழுவுகிறவன் எத்தனை லிட்டர் விடுகிறான் என்று ஒரு வாளியை வைத்துப் பிடித்துப் பாருங்கள். தொட்டி பெரிசாக இருந்தபோது ஒவ்வொருவரும் எடுத்தது கொஞ்சம். தொட்டி போனதும் செலவு ஏறியது, போர் போட வேண்டி வந்தது, கரண்ட் பில் வந்தது, அதைக் கட்ட மாதச் சந்தாவை ஏற்ற வேண்டி வந்தது. சில ஊர்களில் ஹவுளை மூடி மேலே தளம் போட்டுத் தொழுகிற இடமாக்கிவிட்டார்கள். இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம்தான். எனக்கு மட்டும் அந்த மீன்கள் போனதில் வருத்தம்.

தண்ணீர் அளவுக்கு மற்றவற்றை நீட்ட வேண்டியதில்லை. ஒலிபெருக்கி வருவதற்கு முன்னால் நேரம் அறிவிக்க நகரா அடித்தார்கள். ஒலிபெருக்கியைத் தொழுகைக்குப் பயன்படுத்தலாமா என்று வட இந்திய உலமாக்கள் பல வருஷம் வாதாடினார்கள். முதலில் கூடாது என்ற தேவ்பந்துப் பெரியவர்களின் மாணவர்களே பிறகு கூடும் என்றார்கள். பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட், கோரைப்பாய் போய் விரிப்பு, பனை விசிறி போய் ஃபேன். ஃபேன் இறக்கையில் கொடுத்தவர் பெயரைப் பெயின்டில் எழுதுகிற வழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். சுற்றும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால்தான் கொடையாளி தெரிவார்.

நோன்புக் கஞ்சி மட்டும் விதிவிலக்கு, அதில் நவீனம் எதுவும் நுழையவில்லை. 2001இல் ஜெயலலிதா அரசு பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி அரிசி கொடுக்க ஆரம்பித்தது, அடுத்து வந்த அரசுகளும் நிறுத்தவில்லை. வருஷத்துக்குச் சில ஆயிரம் டன். ஆனால் அரிசி மூட்டை தானாகக் கஞ்சியாகாது. லுஹருக்கு முன்பே அடுப்பு மூட்டி, பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்த்து, அஸர் வரைக்கும் தேக்சாவுக்குள் துடுப்பைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நோன்பு வைத்த வாயோடு. சாயங்காலம் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் பாதி எந்த மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு கிண்டுகிறவர்களும் உண்டு, பெரும்பாலான சின்ன ஊர்களில் அது ஊர்ப் பையன்களின் வேலை.

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் ஒரு படிவம்.

2025 ஏப்ரல் 8 முதல் வக்ஃப் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. ஏற்கனவே பதிவான ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் விவரத்தையும் ஒரு மத்திய இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றது சட்டம். உமீத் என்று பெயரிட்ட அந்தத் தளம் ஜூன் 6இல் திறந்தது, கெடு டிசம்பர் 6. ஏற்ற வேண்டியவை என்னென்ன என்று சட்டத்தின் 3பி பிரிவு வரிசையாகச் சொல்கிறது. எல்லை, யார் அனுபவத்தில் இருக்கிறது, வருமானம், வரி, வழக்கு. அதில் இரண்டாவதாக ஒன்று: வக்ஃபை உருவாக்கியவரின் பெயர், முகவரி, உருவாக்கிய முறை, தேதி.

வாலாஜா பள்ளிவாசலுக்கு இது ஒரு நிமிஷ வேலை. சுவரே சொல்கிறது. பள்ளத்தாக்கில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிவாசலுக்காக நானும் நான்கைந்து பையன்களும் உட்கார்ந்தபோது அந்தக் கட்டத்தில் நின்றுவிட்டோம். விவகாரம் இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. மூத்த ஜமாஅத்தார் ஒருவரிடம் கேட்டோம், யார் கட்டுனது?

"யாரு கட்டுனதா? எல்லாருந்தான் கட்டுனோம்."

"அதில்ல மாமு, மொதல்ல ஆரம்பிச்சது யாரு? ஒரு பேரு வேணும்."

"ஓலக் கொட்டாயா இருந்துச்சுன்னு எங்கத்தா சொல்லும். அதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும். செவரு வச்சப்ப கல்லு வண்டில வந்துச்சு, வண்டி நாயக்கர் வீட்டு வண்டி. கெணறு வெட்டுனப்ப ஆளுக்கு ஒரு நாளு எறங்குனாங்க. எத்தன பேரன்னு எழுதுவ?"

இதில் பத்திரம் இல்லாதது அலட்சியம் அல்ல. ஹனஃபி சட்டப்படி ஒரு இடத்தின் சொந்தக்காரர் அதைத் தொழுகைக்கு என்று பிரித்துவிட்டு, மக்கள் அங்கே ஒரு தடவை கூட்டாகத் தொழுதுவிட்டால் அது பள்ளிவாசல் ஆகிவிடும். இமாம் அபூ யூசுஃப் கருத்தில் வாயால் சொன்னாலே போதும். எழுத்து கட்டாயமில்லை. எழுத்தறிவு குறைந்த சமூகங்களில் ஊரறிய நடந்த ஒரு தொழுகையைவிடப் பலமான சாட்சி வேறென்ன இருக்க முடியும்? இந்திய நீதிமன்றங்களும் நீண்ட காலப் பயன்பாட்டால் ஒரு இடம் வக்ஃப் ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டன. 1954ஆம் வருஷ வக்ஃப் சட்டமும் 1995ஆம் வருஷ வக்ஃப் சட்டமும் அதை வரையறைக்குள்ளேயே வைத்திருந்தன. 2025 திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டது. சட்டம் வருவதற்கு முன்பே பதிவானவை தொடரும், ஆனால் தாவாவில் உள்ளதோ அரசு நிலமோ என்றால் தொடராது. 2025 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை தந்தது, இதற்குத் தரவில்லை. கெடுவை மொத்தமாக நீட்டவும் மறுத்து, தேவைப்படுபவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றது.

அரசு நிலம் என்ற சொல்லில்தான் கிராமத்துக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். நத்தம் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிற இடத்தில்தான் பாதித் தமிழ்நாடு குடியிருக்கிறது, கோயில், சாவடி, பள்ளிவாசல் எல்லாம் சேர்த்து. 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பெயர்கள் மாறிப்போன கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும். கூரைக் கொட்டகையில் தொடங்கி ஆளுக்கு ஒரு நாள் இறங்கி எழுப்பின கட்டடத்துக்குக் காகிதத்தில் ஒரு அப்பன் பெயர் இல்லை.

இதைச் சட்டத்தின் மீதான புலம்பலாக மட்டும் எழுத எனக்கு மனசில்லை. கணக்கு கேட்பது தப்பில்லை. முத்தவல்லிகள் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1923இலேயே சட்டம் வந்தது, வந்ததற்குக் காரணம் இருந்தது. வக்ஃப் நிலங்கள் அடிமாட்டு வாடகைக்குப் போனது வெளியாட்களால் மட்டும் அல்ல. 'எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். எல்லாருடையது என்றால் கேள்வி கேட்க யாரும் இல்லை என்றும் ஆகும். பட்டியல் எடுக்கச் சொன்னது நல்லதுக்குத்தான் என்று எங்கள் குழுவிலேயே ஒருவன் கடைசி வரை வாதாடினான், நான் அவனோடு பாதி ஒத்துப்போகிறேன். ஒத்துப்போகாத பாதி இது: பட்டியல் எடு என்று சொல்வது வேறு, பட்டியலில் பெயர் இல்லாத வகையையே இனி இல்லை என்று சொல்வது வேறு. ஊர் கூடிச் செய்கிற காரியத்துக்குச் சட்டத்தில் இருந்த ஒரே கதவு அது. நாளைக்கு இதே மாதிரி ஆளுக்கு ஒரு செங்கல் கொண்டுவந்து எழுப்பினால், முதல் செங்கல்லுக்கு முன்னால் வக்கீலிடம் போக வேண்டும்.

சரி, சாட்சி என்னென்ன கிடைக்கும் என்று தேடினோம். மின் இணைப்பு அட்டை ஒன்று, பஞ்சாயத்து வரி ரசீதுகள் கொஞ்சம். கிணற்றுச் சுவரில் ஒரு கல், எழுத்து பாதிக்கு மேல் சுண்ணாம்புக்குள். அதைச் சுரண்டி எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் கை கொடுத்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று, நிகாஹ் தப்தர். ஜமாஅத்தில் நடந்த கல்யாணங்களை எழுதி வைக்கும் பதிவேடு. மாப்பிள்ளை, பெண், வலீ, சாட்சிகள், மஹர் எவ்வளவு, எந்த இடத்தில் வைத்து, எந்த இமாம். பழுப்பேறி, பூச்சி அரித்து, சில இடங்களில் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வியாக. ஒரு பையன் மொபைலிலேயே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தான், இன்னொருவன் எக்செல்லில் ஏற்றினான். அர்வி படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர், எண்பது வயதைத் தாண்டிய ஒரு நன்னி.

அவர் பள்ளிவாசலுக்குள் வந்து உட்கார்ந்து படிக்க முடியுமா என்பது அன்றைக்கு ஒரு பிரச்சினையாகி, பக்கத்து மதரசா அறையில் பாய் போட்டு முடிந்தது. எனக்கு அது உறுத்தியது. பள்ளிவாசல் வசதி என்று நாம் பேசுகிற எல்லாமே ஆண்களின் வசதி. ஒளுக் குழாய், கழிப்பறை, முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி. கடற்கரையில் காயல்பட்டினம் மாதிரியான ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன, அவர்களே நடத்துகிறார்கள். உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் அந்த மரபும் பெரிதாக இல்லை. 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்குத் தனி ஜமாஅத் அமைத்து, தனிப் பள்ளிவாசல் கட்ட வேண்டும் என்று கிளம்பியபோது எவ்வளவு எதிர்ப்பு. அவர் சொன்னது எளிமையான விஷயம்: ஜமாஅத் பள்ளிவாசலில்தான் கூடுகிறது, அங்கேதான் தலாக் வழக்கும் ஜீவனாம்சமும் பேசப்படுகிறது, அந்த இடத்துக்குள் பெண் வர முடியாது என்றால் அவள் வாழ்க்கையை அவள் இல்லாமலே முடிவு செய்கிறார்கள். தொழுகை இடத்தைக் கேட்டதாக மட்டும் புரிந்துகொண்டு எதிர்த்தவர்கள் அதிகம்.

அந்த நன்னி தப்தரைப் படித்துக்கொண்டே போனபோது இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்களாம். மாசக் கடைசியில் மோதினார் வீட்டு அம்மா வந்து வாங்கிப் போவார். இமாம் சாப்பாட்டுக்கும், மிஞ்சியதை விற்று விளக்கெண்ணெய்க்கும். "செவரு வைக்கிறப்ப சித்தாளு ஆரு? நாங்கதான். ராத்திரி எஷாவுக்கு அப்பறம் நெலா வெளிச்சத்துல மண்ணு சொமந்தோம். பகல்ல ஆம்பளைக இருப்பாகல்ல." எந்த ரசீதிலும் எந்தக் கல்லிலும் அது இல்லை.

சீர்வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிவாசல் திறப்பு விழாவுக்கு ஊர் இந்துக்கள் தட்டில் தேங்காய் பழம் வைத்து மேளதாளத்தோடு வருவது இந்தப் பக்கம் புதுசு இல்லை. 2024 மே மாதம் காங்கேயம் பக்கம் படியூர் ஒட்டப்பாளையத்தில் இந்துக்கள் நிலத்தையே கொடுத்துப் பள்ளிவாசல் எழுந்தது செய்தியானது. படம் எடுத்துப் போடுகிறோம், நல்லிணக்கம் என்று தலைப்பு வைக்கிறோம். நாயக்கர் வீட்டு வண்டி கல் ஏற்றி வந்தபோது அதற்குத் தலைப்பு எதுவும் தேவைப்படவில்லை. வண்டி இருந்தது, கல் இருந்தது, அறுப்பு முடிந்து மாடு சும்மா நின்றது. ஆனால் இன்று சட்டக் கண்ணோடு பார்த்தால் அந்த வண்டிக்காரர் குடும்பம் தருகிற ஒரு வாக்குமூலத்துக்கு எங்கள் பத்து வாக்குமூலங்களைவிட எடை அதிகம். அவருடைய பேரன் தாமாகவே முன்வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தாத்தா சொல்லிக் கேட்டது என்று தொடங்கி, எந்தக் குவாரியில் இருந்து, எந்தப் பாதையில் வண்டி வந்தது என்பது வரைக்கும் இரண்டு பக்கம்.

தப்தரின் மிகப் பழைய பக்கத்தில் இருக்கிற கல்யாணத்தின் ஹிஜ்ரி தேதியை ஆங்கிலத் தேதிக்கு மாற்ற நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன், பிறைக் கணக்கில் ஒருநாள் முன்னே பின்னே வரும் என்ற குறிப்போடு. 'உருவாக்கிய தேதி' கட்டத்தில் அதை இட முடியாது, அன்றைக்கு அங்கே பள்ளிவாசல் இருந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. 'உருவாக்கிய முறை'யில் பயன்பாட்டால் என்று போட்டோம். பெயர் கட்டத்தில் ஊர் முஸ்லிம் ஜமாஅத் என்று எழுதினோம். முகவரிக்குப் பள்ளிவாசல் தெரு. வாக்குமூலங்களையும் தப்தரின் 312 பக்கங்களையும் ஒரே கோப்பாக இணைத்தபோது அளவு மிகவும் பெரிதாகிவிட, பையன்கள் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பக்கங்களைச் சுருக்கினார்கள். அந்த நேரத்தில் மோதினார் ஒரு ஃபிளாஸ்க் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "மோட்டார ஆஃப் பண்ணீட்டுப் போங்கப்பா, தொட்டி ரொம்பிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.